நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தவர்

அப்பாவிடம் பச்சை அட்டை போட்ட சின்னப் புத்தகம் ஒன்று உண்டு. கிளினிக்கில் ரத்தக் கொதிப்பு பார்க்கும்போதெல்லாம் தாதி அதில் தேதியையும் இரண்டு எண்களையும் எழுதிக் கொடுப்பார். முதல் பக்கம் 1994இல் தொடங்குகிறது. முதல் வரியில் 180க்கு 110. அன்று அவருடன் போனது நான்தான். எனக்கு அப்போது பதினைந்து வயது.

அந்த நாட்களில் அப்பா விடியற்காலையில் பெரட்டுக்குப் போய் மதியம்வரை பால்மரம் வெட்டுவார். வந்து சாப்பிட்டுவிட்டு, பக்கத்துச் செம்பனைக் காட்டில் குத்தகைக்குப் புல் வெட்டப் போவார். வாரத்தில் நான்கு இரவுகள் பட்டணத்துத் தொழிற்சாலை ஒன்றில் ஜாகா வேலை. கிளினிக்கில் காத்திருக்கும்போதுகூட அவர் சாய்ந்து உட்காரவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியின் முன்விளிம்பில் ஒட்டிக்கொண்டு, கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். நேரத்துக்குப் போகவில்லை என்றால் அரைநாள் சம்பளம் போய்விடும்.

டாக்டர் எண்களைப் பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "ஐயா, ரொம்ப டென்ஷன் ஆகாதீங்க. ஆசையக் கொஞ்சம் கொறைச்சுக்கணும்."

அப்பா தலையாட்டினார். நானும் ஆட்டினேன். திரும்பி வரும்போது மோட்டாரில் பின்னால் உட்கார்ந்துகொண்டு, "ஏம்பா இப்படி அலையுறீங்க?" என்று கேட்டேன். காற்றில் பாதிதான் காதில் விழுந்தது. "நா அலையலன்னா நீ அலைவ."

பல வருடங்கள் நான் டாக்டர் பக்கம்தான் இருந்தேன். ஆசிரியர் பயிற்சிக்குப் போனபோது உளவியல் பாடத்தில் 'அடைவூக்கம்' என்றொரு சொல் வந்தது. சாதிக்க வேண்டும் என்ற உந்துதல் அது. அது உள்ள பிள்ளை முன்னேறும், இல்லாத பிள்ளை பின்தங்கும் என்று குறிப்பெடுத்துக்கொண்டேன். அடுத்த பாடத்திலேயே மன அழுத்தம் வந்தது. ஓயாமல் ஓடுகிறவனுக்கு மாரடைப்பு வரும் என்று அதையும் எழுதிக்கொண்டேன். ஒரே நோட்டில் இரண்டு பக்கங்கள். ஒன்றில் ஆசை மருந்து, அடுத்ததில் ஆசை நோய். இரண்டும் எப்படிச் சேர்ந்து உண்மையாக முடியும் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. பிறகு தோன்றியபோது, அந்த இரண்டு பக்கங்களும் எங்கிருந்து வந்தன என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். இந்தக் கட்டுரை அந்தத் தேடலின் கணக்கு.

*

இதயத்தைக் காகிதத்தில் கோடாக வரைய வைத்தவர் நமக்குப் பக்கத்தில் பிறந்தவர். வில்லெம் ஐந்தோவன் 1860இல் ஜாவாவின் செமாராங் நகரில் பிறந்தார். தகப்பனார் டச்சுக் காலனியில் மருத்துவர். மகனுக்கு ஆறு வயதாகும்போது அவர் இறந்துபோக, தாயார் 1870இல் ஆறு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு நெதர்லாந்துக்குக் கப்பலேறினார். லெய்டன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரான ஐந்தோவன், இருபதாம் நூற்றாண்டு தொடங்கிய வருடங்களில், வெள்ளி பூசிய மெல்லிய குவார்ட்ஸ் இழை ஒன்றைக் காந்தப் புலத்தில் தொங்கவிட்டார். இதயத்தின் மிகச் சிறிய மின்னோட்டம் பாயும்போது அந்த இழை அசைந்தது. அசைவைப் படமாகப் பிடித்தார்.

அந்தக் கருவியின் எடை ஏறக்குறைய 270 கிலோ. இயக்க ஐந்து பேர் வேண்டும். நோயாளி கைகளையும் ஒரு காலையும் உப்புநீர் ஜாடிகளில் விட்டுக்கொண்டு உட்கார வேண்டும். மருத்துவமனைக்கு அதைத் தூக்கிப்போக முடியாததால், ஒன்றரைக் கிலோமீட்டர் தூரத்துக்குக் கம்பி இழுத்து, அங்கே படுத்திருப்பவரின் இதயத்தை இங்கே பதிவு செய்தார். இன்றைக்கும் இசிஜி கோட்டில் மேடு பள்ளங்களுக்குச் சொல்லும் பி, கியூ, ஆர், எஸ், டி என்ற எழுத்துகள் அவர் வைத்தவை. 1924இல் நோபல் பரிசு கிடைத்தது.

அதே காலகட்டத்தில் அமெரிக்காவில் வேறொரு கேள்வி உருவாகிக்கொண்டிருந்தது. தூண்டுதல் கூடினால் வேலை நன்றாக நடக்குமா? 1908இல் யெர்க்ஸ், டாட்சன் என்ற இருவர் எலிகளை வெள்ளைப் பெட்டிக்கும் கறுப்புப் பெட்டிக்கும் வித்தியாசம் கற்கவைத்தார்கள். தவறான பெட்டிக்குள் போனால் மின் அதிர்ச்சி. எளிதாகப் பிரித்தறியும்போது அதிர்ச்சி கூடக்கூட எலிகள் வேகமாகக் கற்றன. வித்தியாசம் நுட்பமாக இருந்தபோது, ஓர் அளவுக்கு மேல் அதிர்ச்சி ஏறினால் கற்றல் கெட்டது. தூண்டுதலை மட்டும் வைத்து எதையும் சொல்ல முடியாது, வேலை எவ்வளவு கடினம் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்பது அப்போதே தெரிந்துவிட்டது. ஆனால் அடுத்த ஐம்பது வருடங்கள் அந்த இரண்டாவது பாதியை ஏறக்குறைய மறந்துவிட்டுத்தான் நடந்தன.

1930களில் ஹார்வர்டில் ஹென்றி மர்ரேயும் கிறிஸ்டியானா மோர்கனும் படங்களைக் காட்டிக் கதை சொல்லவைக்கும் ஒரு சோதனையை உருவாக்கினார்கள். சொல்பவர் தன்னை அறியாமல் தன் ஆசைகளைக் கதைக்குள் வைத்துவிடுவார் என்பது நம்பிக்கை. 1938இல் மர்ரே வகுத்த மனிதத் தேவைகளின் பட்டியலில் சாதிக்கும் தேவையும் ஒன்று. டேவிட் மெக்லெலண்ட் அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டார். கதைகளில் வெற்றி, போட்டி, தரம் பற்றிய பேச்சு எத்தனை முறை வருகிறது என்று எண்ணி மதிப்பெண் போட்டார். 1953இல் சகாக்களோடு சேர்ந்து அதை ஒரு நூலாக்கினார்.

அந்தக் குழுவினரின் ஒரு சோதனை எனக்குப் பிடிக்கும். ஒரு முளையை நட்டு, அதில் வளையம் எறியச் சொல்வார்கள். எங்கே நின்று எறிவது என்பது எறிபவரின் விருப்பம். அடைவூக்கம் கூடுதலாக இருப்பவர்கள் மிக அருகிலும் நிற்பதில்லை, மிகத் தூரத்திலும் நிற்பதில்லை. கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம் என்கிற நடுத்தூரத்தில் நிற்கிறார்கள். படிக்கும்போது நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதில் ஒரு விஷயம் சொல்லாமலே ஒளிந்திருக்கிறது. எங்கே நிற்பது என்று தேர்ந்துகொள்ளும் வசதி அந்த விளையாட்டில் எல்லாருக்கும் இருந்தது.

1961இல் மெக்லெலண்ட் இதைத் தனிமனிதர்களிலிருந்து நாடுகளுக்கு நகர்த்தினார். பல நாடுகளின் பள்ளிப் பாடநூல்களில் உள்ள குழந்தைக் கதைகளுக்கு மதிப்பெண் போட்டு, சாதனை பேசும் கதைகள் உள்ள நாடுகளே பிறகு பொருளாதாரத்தில் வளர்ந்தன என்று வாதிட்டார். ஊக்கத்தைக் கற்றுக்கொடுக்கவும் முடியும் என்று நம்பினார். 1964இல் ஆந்திராவின் காக்கிநாடாவிலிருந்து சிறு வியாபாரிகளை ஹைதராபாத்துக்கு அழைத்து, குழுக் குழுவாகப் பயிற்சி கொடுத்தார்கள். பயிற்சி பெற்றவர்கள் பிறகு சுறுசுறுப்பாகத் தொழில் செய்தார்கள் என்றும், சாதியோ பழைய பழக்கவழக்கங்களோ அதற்குத் தடையாக இருக்கவில்லை என்றும் அந்த ஆய்வு சொன்னது. இரண்டாவது முடிவு இன்றும் மதிக்கத்தக்கது. ஆனால் அவர்கள் அழைத்துப்போனது கடையும் பட்டறையும் உள்ளவர்களை. திரும்பி வந்து மாற்றிப் பார்க்க அவர்கள் கையில் ஏதோ இருந்தது. கூலிக்காரர்களை அழைத்துப்போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு.

நம் ஊரிலும் அதே காற்று வீசியது. 1971இல் 'ரெவலூசி மெந்தால்' என்ற நூல் வெளிவந்தது. மலாய்க்காரர்கள் பின்தங்கியிருப்பதற்கு அவர்களது மனப்பான்மையே காரணம், மனம் மாறினால் நிலைமை மாறும் என்பது அதன் தொனி. மெக்லெலண்டைப் பார்த்து எழுதினார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் 'குறை ஆளிடம் இருக்கிறது' என்ற தொடக்கப் புள்ளி ஒன்றுதான். அதற்கு 1977இல் சிங்கப்பூரிலிருந்து பதில் வந்தது. சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்தின் மலாய் ஆய்வியல் துறையில் பேராசிரியராக இருந்த சையத் ஹுசேன் அலாதாஸ், 'சோம்பேறிச் சுதேசி' என்ற பிம்பமே காலனித்துவம் கட்டிய கதை என்று ஒரு நூல் எழுதினார். தோட்டத்துக் கூலியாக மாட்டிக்கொள்ள மறுத்தவனுக்குச் சோம்பேறி என்று பெயர் வைத்தார்கள் என்பது அவர் வாதம். 'ரெவலூசி மெந்தா'லையும் அதில் விட்டுவைக்கவில்லை. அலாதாஸும் ஜாவாவில் பிறந்தவர்தான், போகோரில்.

மறுக்காமல் தோட்டத்துக்குள் போனவர்களின் பேரப்பிள்ளை நான். எங்களை யாரும் சோம்பேறி என்று சொல்லவில்லை. எங்களுக்குக் கிடைத்த பெயர் வேறு: 'பாடுபடத் தெரியும், முன்னேறத் தெரியாது.'

*

ஆசையை அளக்கும் கருவியும் இதயத்தை அளக்கும் கருவியும் சான் பிரான்சிஸ்கோவில் சந்தித்தன. மெயர் ஃபிரீட்மன், ரே ரோசன்மன் என்ற இரண்டு இதய மருத்துவர்கள் அங்கே சேர்ந்து தொழில் நடத்தினார்கள். காத்திருப்பு அறை நாற்காலிகளுக்கு உறை மாற்ற வந்த ஒருவர், 'உங்கள் நோயாளிகளுக்கு என்ன ஆச்சு? நாற்காலியின் முன்விளிம்பு மட்டும்தான் தேய்ந்திருக்கிறது' என்று கேட்டாராம். ஃபிரீட்மன் பின்னாளில் சொன்ன கதை இது. அந்த நேரத்தில் அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

1958இல் இருவரும் கணக்காளர்களை ஆராய்ந்த கட்டுரை வந்தது. அமெரிக்காவில் ஏப்ரல் 15 வருமான வரிக்குக் கடைசி நாள். அந்தத் தேதி நெருங்க நெருங்கக் கணக்காளர்களின் ரத்தத்தில் கொழுப்பு ஏறியது, ரத்தம் வேகமாக உறைந்தது. தேதி தாண்டியதும் இறங்கியது. சாப்பாட்டை வைத்து இதை விளக்க முடியவில்லை. அடுத்த வருடம் 'ஏ வகை' என்ற பெயர் பிறந்தது: எப்போதும் அவசரம், போட்டி, பொறுமையின்மை. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களை எட்டரை ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 1975இல் வெளியிட்ட முடிவு, ஏ வகையினருக்கு இதய நோய் ஏறக்குறைய இரண்டு மடங்கு வருகிறது என்றது. எங்கள் டாக்டர் அப்பாவிடம் சொன்னது இந்த ஆய்விலிருந்து ஊறி வந்த வாக்கியம்தான்.

பிறகு அந்தக் கட்டடம் ஆட ஆரம்பித்தது. அதே ஆட்களை மேலும் பல ஆண்டுகள் கவனித்தவர்கள் 1988இல் ஒரு வினோதமான முடிவைச் சொன்னார்கள். மாரடைப்பு வந்து பிழைத்தவர்களில், ஏ வகையினரே அதிக காலம் உயிரோடிருந்தார்கள். இன்னொரு தகவல் வழக்குமன்றங்கள் வழியாக வெளியான சிகரெட் நிறுவன ஆவணங்களைப் படித்தவர்களிடமிருந்து 2012இல் வந்தது. ஏ வகை ஆராய்ச்சிக்குப் பல ஆண்டுகள் சிகரெட் நிறுவனப் பணம் போயிருக்கிறது, முக்கியமாக பிலிப் மோரிஸ் பணம். இதயம் கெடுவதற்குக் காரணம் புகை இல்லை, ஆளின் குணம் என்று காட்ட அவர்களுக்கு அது வசதியாக இருந்தது. ஆராய்ச்சியாளர்கள் பொய் சொன்னார்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. குறை ஆளிடம் இருக்கிறது என்ற கதைக்குப் பணம் கொடுக்க எப்போதும் யாரோ தயாராக இருக்கிறார்கள் என்று மட்டும் அர்த்தம்.

இதற்கிடையில் லண்டனில் வேறொரு கணக்கு நடந்துகொண்டிருந்தது. 1967இல் தொடங்கிய வைட்ஹால் ஆய்வு, பதினேழாயிரத்துக்கும் மேற்பட்ட பிரிட்டிஷ் அரசு ஊழியர்களைப் பின்தொடர்ந்தது. மேசைக்குப் பின்னால் டென்ஷனோடு முடிவெடுக்கும் பெரிய அதிகாரிகள்தான் இதய நோயில் விழுவார்கள் என்பதே அன்றைய பொது நம்பிக்கை. 1978இல் வந்த முடிவு நேர் எதிர். தபால் தூக்கும் கடைநிலை ஊழியர்கள் இதய நோயில் இறந்த விகிதம், உச்சியில் இருந்தவர்களைவிட மூன்று மடங்குக்கும் மேல். புகைபிடித்தல், கொழுப்பு, ரத்த அழுத்தம் எல்லாவற்றையும் கழித்த பிறகும் பெரிய இடைவெளி மிஞ்சியது. 1985இல் தொடங்கிய இரண்டாவது வைட்ஹால் ஆய்வு, தன் வேலையின்மேல் தனக்கு எவ்வளவு பிடி இருக்கிறது என்ற கேள்வியைச் சேர்த்துக்கொண்டது. பிடி குறைந்தவர்களுக்கு நோய் கூடுதலாக இருந்தது.

*

அப்படியானால் முயற்சி செய்யும் நேரத்தில் இதயத்துக்குள் என்னதான் நடக்கிறது? அமெரிக்காவில் ஜான் லேசி, பியாட்ரிஸ் லேசி தம்பதியர், கவனமாக எதையோ எதிர்பார்த்துக் காத்திருக்கும்போது இதயத் துடிப்பு மெதுவாகிறது, மனக்கணக்குப் போடும்போது வேகமாகிறது என்று காட்டினார்கள். என் வகுப்பில் இதை நான் கண்ணாலேயே பார்க்கிறேன். கதை கேட்கும் பிள்ளையின் மூச்சும் வாய்ப்பாடு ஒப்பிக்கும் பிள்ளையின் மூச்சும் ஒன்றில்லை.

1970களில் பால் ஒப்ரிஸ்ட் இன்னும் ஒரு படி போனார். விரைவாகப் பொத்தானை அழுத்தினால் மின் அதிர்ச்சியிலிருந்து தப்பிக்கலாம் என்று சொல்லி, ஒரு குழுவுக்கு எளிதான அளவும், இன்னொரு குழுவுக்குக் கடினமான அளவும், மூன்றாவது குழுவுக்கு யாராலும் எட்ட முடியாத அளவும் வைத்தார். தொடக்கத்தில் எல்லாருடைய இதயமும் துள்ளியது. எளிதானவர்களுக்கு விரைவில் தணிந்தது. முடியாதது என்று புரிந்தவர்களுக்கும் தணிந்தது. கடினமாகவும் ஆனால் முடியக்கூடியதாகவும் இருந்த குழுவுக்குத்தான் இதயம் இறங்காமல் ஓடிக்கொண்டே இருந்தது.

ஜாக் ப்ரெம் இதற்கு ஒரு கோட்பாட்டு வடிவம் கொடுத்தார். உடல் வீணாக உழைப்பதில்லை. வேலை எவ்வளவு கடினமோ அவ்வளவு முயற்சியைத்தான் செலவழிக்கும். முடியாது என்றோ, அந்தப் பலனுக்கு அவ்வளவு பாடு தகாது என்றோ தெரிந்த நொடியில் கையை விட்டுவிடும். ஆசையின் வேலை, எதுவரை விடாமல் இருப்பது என்ற உச்சவரம்பைத் தீர்மானிப்பது. ஆக, அதிகம் ஆசைப்படுகிறவரின் இதயம் சும்மா இருக்கும்போது அடித்துக்கொள்வதில்லை. மற்றவர்கள் விட்டுவிட்ட இடத்திலும் அது விடாமல் அடிக்கிறது.

விடாமல் அடிக்கும் இதயம் வருடக்கணக்கில் அப்படியே ஓடினால் என்ன ஆகும்? இந்தக் கேள்வியோடு ஷெர்மன் ஜேம்ஸ் என்ற கறுப்பின ஆய்வாளர் 1978இல் வட கரோலைனாவில் ஒரு முதியவரைச் சந்தித்தார். 1907இல் பிறந்த அவர், வாரத்துக்கு விவசாயம் செய்த ஏழைக் குடும்பத்துப் பிள்ளை. இரண்டாம் வகுப்புக்கு மேல் பள்ளி இல்லை. தானாக எழுதப் படிக்கக் கற்று, நாற்பது வயதுக்குள் 75 ஏக்கர் நிலத்துக்குச் சொந்தக்காரராகிவிட்டார். ஐம்பதுகளின் கடைசியில் ரத்தக் கொதிப்பும் மூட்டுவலியும் கடுமையான குடற்புண்ணும் வந்து சேர்ந்தன. அவர் பெயர் ஜான் ஹென்றி மார்ட்டின்.

அந்தப் பெயரைக் கேட்டதும் ஜேம்ஸுக்கு உடனே நினைவுக்கு வந்தது இன்னொரு ஜான் ஹென்றி. மேற்கு வர்ஜீனியாவில் மலையைக் குடைந்து ரயில் பாதை போட்ட காலத்துக் கதைநாயகன். நீராவித் துளைப்பான் இயந்திரத்தோடு போட்டி போட்டு, சம்மட்டியால் பாறையை உடைத்து, இயந்திரத்தை ஜெயித்து, சம்மட்டியைக் கையில் பிடித்தபடியே செத்து விழுந்தவன் என்று அமெரிக்கக் கறுப்பின மக்கள் பாடிவருகிறார்கள். ஜேம்ஸ் பன்னிரண்டு கேள்விகள் கொண்ட அளவுகோல் ஒன்றை உருவாக்கி, அதற்கு அவன் பெயரை வைத்தார். கடினமாக உழைத்தால் எதையும் மாற்றிவிடலாம் என்று ஒருவர் எவ்வளவு உறுதியாக நம்புகிறார் என்பதை அது அளக்கிறது. 1983இல் வெளியான ஆய்வுக்காக 132 உழைக்கும் ஆண்களிடம் கேட்டுப் பார்த்தார். அந்த நம்பிக்கை மட்டும் ரத்த அழுத்தத்தை ஏற்றவில்லை. நம்பிக்கை கூடுதலாகவும் படிப்பு குறைவாகவும் இருந்தவர்களிடம்தான், இரண்டும் கூடுதலாக இருந்தவர்களைவிட அழுத்தத்தின் கீழெண் உயர்ந்து நின்றது. பிறகு வந்த ஆய்வுகள் எல்லாம் இதை ஒரே மாதிரி உறுதிசெய்யவில்லை. ஆனால் அவர் கேட்ட கேள்விதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. எவ்வளவு ஆசைப்படுகிறாய் என்பதோடு, உன் கையில் என்ன கொடுத்திருக்கிறார்கள் என்றும் அவர் கேட்டார்.

இதைப் படித்து முடித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆசை மருந்தா நோயா என்ற என் நோட்டுப் புத்தகக் குழப்பத்துக்கு அங்கேதான் விடை கிடைத்தது. சாய்ந்து உட்கார இடமுள்ளவனுக்கு அது மருந்து. பாதி வழியில் நின்றால் பிள்ளைகள் விழுந்துவிடுவார்கள் என்ற இடத்தில் இருப்பவனுக்கு அதே ஆசை உடலில் கடனாக ஏறுகிறது.

*

போன தீபாவளி விடுமுறையில் அப்பாவின் பச்சைப் புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். 1994இல் தோட்டம் கைமாறியது. வீட்டைக் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்தது. மாற்று வீடு தருவதாகச் சொன்னார்கள், தரவில்லை. அடுத்த ஐந்து வருடங்கள் 180, 175, 185 என்றே ஓடுகின்றன. 1999இல் தாமானில் மலிவு விலை வீட்டுக்கு முன்பணம் கட்டிச் சாவி வாங்கினோம். அதன் பிறகு 150, 145. அப்போதும் அப்பா இரண்டு வேலை பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஆசை எதையும் குறைத்துக்கொள்ளவில்லை. என்னைக் கல்லூரிக்கு அனுப்பியது அந்த வருடங்களில்தான். மருந்தையும் இடையில் மாற்றியிருக்கிறார்கள், புத்தகத்தில் குறிப்பு இருக்கிறது. ஒரு மனிதரின் ஒரு புத்தகத்தை வைத்து எதையும் நிறுவ முடியாது என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் அந்தச் சாவி வாங்கிய தேதியை நான் ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்தேன்.

எங்கள் பள்ளியில் வருடத்துக்கு ஒரு முறை தன்முனைப்பு முகாம் நடக்கும். பேச்சாளர் வருவார். நினைத்தால் முடியும் என்று பிள்ளைகளைக் கையுயர்த்திச் சொல்லவைப்பார். பிள்ளைகளுக்கு அது பிடிக்கும், எனக்கும் அதில் விரோதம் இல்லை. ஆசை இல்லாமல் யாரும் லயத்தை விட்டு வெளியே வந்ததில்லை. ஆனால் இந்த வருடக் கூட்டத்தில் நான் ஒரு யோசனை வைத்தேன். முகாமுக்கு ஒதுக்கும் பணத்தில் பாதியை எடுத்து, பள்ளி முடிந்து வீட்டில் படிக்க இடமில்லாத பிள்ளைகளுக்காக மாலை ஆறு மணிவரை நூலகத்தைத் திறந்து வைப்போம், ரொட்டியும் மைலோவும் கொடுப்போம் என்றேன். இன்னும் முடிவாகவில்லை.

அப்பாவுக்கு இப்போது எழுபத்து நான்கு. கடைசி வரியில் 138க்கு 84. டாக்டர் ஆசையைக் குறைக்கச் சொன்னது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். சிரித்தார்.

"கொறைச்சிருந்தா அந்த டாக்டர் சொன்னது சரின்னு நீ இன்னமும் நெனைச்சிக்கிட்டிருப்ப."

சொல்லிவிட்டுச் சாய்வு நாற்காலியில் நன்றாகப் பின்னால் தள்ளி உட்கார்ந்துகொண்டார்.